பழைய உலோகப் பொம்மையும் மேலே யாரோ அடித்த பெயிண்டும்

இப்போது என் மேசை மேல் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு உலோகப் பறவை இருக்கிறது. உடம்பு முழுக்கத் தங்க நிற ஸ்ப்ரே பெயிண்ட். யாரோ எப்போதோ, பொருள் பழசாகிவிட்டது, கொஞ்சம் பளபளப்பாக இருக்கட்டும் என்று அடித்திருக்கிறார்கள். அதை எடுக்கும் வேலையில் மூன்று வார இறுதிகள் போய்விட்டன, ஒரு இறக்கைகூட முழுசாக முடியவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், சில வருஷங்களாக இந்த வேலையைச் செய்வதில் நான் தெரிந்துகொண்டதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு எண்ணம், ஏனென்றால் தெரிந்தவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "பழைய சிலை ஒன்று கிடைத்தது, மேலே பெயிண்ட் இருக்கிறது, எதை ஊற்றினால் போகும்?"

எதை ஊற்றுவது என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. அடியில் இருப்பது என்ன உலோகம், மேலே இருப்பது யார் அடித்த பெயிண்ட், இந்த இரண்டும் தெரியாமல் எதையும் ஊற்றக்கூடாது. இதை நான் ஒரு பொருளைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

குடம் ஏந்திய பெண் ஒருத்தியின் சிலை அது, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம், மேலே தடிமனாக வெள்ளை எனாமல். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு வார்ப்பிரும்பு அலமாரித் தாங்கியைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, அதன் மேலிருந்த பழைய ஆயில் பெயிண்ட் முழுவதும் கூழாகி வழிந்து வந்ததைப் பார்த்திருந்தேன். காஸ்டிக் சோடா எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும், ஆயில் பெயிண்டின் பிடிமானமே எண்ணெய்தான், அதனால் அது அப்படி அழகாகக் கழன்று வந்தது. அதே வாளி, அதே கரைசல், சிலையையும் உள்ளே வைத்தேன். குமிழ் குமிழாக வந்தது. பெயிண்ட் கழல்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டேன். காலையில் வெள்ளை நிறம் போயிருந்தது, கூடவே மூக்கு நுனியும் விரல்களும் மழுங்கியிருந்தன, ஆடையின் மடிப்புகள் மேல் அம்மை போட்ட மாதிரி குழிகள், தோளில் இரண்டு பாகங்களைப் பற்றாசு வைத்து ஒட்டியிருந்த இடம் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே தெரிந்தது மஞ்சள் உலோகம் இல்லை, சாம்பல் நிறம். துத்தநாகம். குமிழாக வந்ததும் பெயிண்டிலிருந்து இல்லை, உலோகமே கரையும்போது வெளியேறிய ஹைட்ரஜன்.

துத்தநாகம், அலுமினியம், ஈயம், வெள்ளீயம் இவை எல்லாம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெண்கலம் வாங்க வசதி இல்லாதவர்களுக்காகத் துத்தநாகத்தை அச்சில் ஊற்றி, பாகம் பாகமாக ஒட்டி, மேலே வெண்கல நிறம் பூசி ஏராளமாகச் சிலைகள் செய்தார்கள். கடிகாரங்களுக்கு மேலே நிற்கும் பெண்கள், வீரர்கள், குதிரைகள், இவற்றில் நிறைய அந்த வகை. எனக்கு அன்றைக்கு இது தெரியாது. அந்தச் சிலையை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

சரி, உலோகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் காந்தம். பெயிண்டுக்கு மேலேயே வைத்துப் பார்க்கலாம். ஒட்டினால் இரும்பு அல்லது எஃகு, அல்லது இரும்பின் மேல் பித்தளை முலாம். ஒட்டாவிட்டால் பித்தளை, வெண்கலம், செம்பு, துத்தநாகம், அலுமினியம், வெள்ளீயக் கலவை, வெள்ளி எதுவாகவும் இருக்கலாம். அடுத்து, பொருளைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெயிண்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் அடியை விட்டுவிடுவார்கள், அல்லது அரைகுறையாக அடித்திருப்பார்கள். யார் கண்ணிலும் படாத ஒரு ஓரத்தில் ஊசி முனையால் லேசாகக் கீறினால் நிறம் தெரிந்துவிடும். மஞ்சள் என்றால் பித்தளை, கொஞ்சம் சிவந்த பழுப்பு என்றால் வெண்கலம், இளஞ்சிவப்பு என்றால் செம்பு, சாம்பல் வெள்ளை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் அது துத்தநாகமாகவோ வெள்ளீயமாகவோ இருக்கலாம், இரண்டும் மென்மையானவை. மஞ்சளாகத் தெரிந்து, கொஞ்சம் அழுத்தியதும் அடியில் வெள்ளை தெரிந்தால் அது முலாம், அதைத் தேய்க்கவே கூடாது.

எடையையும் கவனியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. மெழுகுவத்தித் தாங்கிகள் பலவற்றின் உள்ளே கீல் (தார் போன்ற பிசின்) அல்லது பிளாஸ்டர் நிரப்பிக் கனம் ஏற்றியிருப்பார்கள். அப்படிப்பட்டதை வெந்நீரில் போட்டால் உள்ளே இருப்பது இளகும், ஊறும், வெளிவரும். அடியில் துணியோ தோலோ ஒட்டி மூடியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. இந்தப் பெயிண்ட் பின்னால் வந்ததா, பொருள் பிறக்கும்போதே அதன் மேல் இருந்ததா? நாம் உலோகம் என்றாலே பளபளவென்று வெறும் உலோகமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலிருந்து வியன்னாவில் செய்த சின்னச் சின்ன வெண்கல விலங்குகளும் பறவைகளும் பல நிறங்களில் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. அந்த வண்ணத்தைச் சூளையில் சுடவில்லை, அப்படியே பூசி உலரவிட்டார்கள், அதனால் நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் ஒரு சொட்டு பட்டாலே போய்விடும். அந்தப் பொருளின் மதிப்பே அந்த வண்ணத்தில்தான். வார்ப்பிரும்பு உண்டியல் பொம்மைகள், கதவு தடுக்கும் பொம்மைகள், கறுப்பு வார்னிஷ் பூசி அதன் மேல் பூ வரைந்த தகரத் தட்டுகள், இவை எல்லாமும் அப்படித்தான். இவற்றின் பெயிண்டைச் சுத்தமாக எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் இரும்பு. எவ்வளவு உரிந்திருந்தாலும் பழைய பெயிண்ட் இருப்பதே மேல்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் பார்க்கும் அடையாளங்கள் சில உண்டு. மூலப் பெயிண்ட் கை படும் இடங்களில் தேய்ந்திருக்கும், பள்ளங்களில் நன்றாக இருக்கும், தேய்ந்த ஓரம் மெல்ல மெல்ல மறைந்து உலோகமாக மாறும். பின்னால் அடித்த பெயிண்ட் பொருளின் காயங்களுக்கு மேல் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு கீறல் இருக்கிறது, அந்தக் கீறலுக்குள்ளேயும் பெயிண்ட் இறங்கியிருக்கிறது என்றால், கீறல் விழுந்த பிறகு அடித்தது. திருகாணியின் தலையில் உள்ள வெட்டு பெயிண்டால் அடைபட்டிருந்தால், சேர்த்துப் பூட்டிய பிறகு யாரோ அவசரமாக அடித்தது. பழைய தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பாகங்களுக்குத் தனித்தனியாகப் பூசி, அப்புறம்தான் பூட்டுவார்கள். செதுக்கிய கோடுகள் பெயிண்டால் நிரம்பி மழுங்கியிருந்தாலும் அதே கதைதான். எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் அழுக்கு. இரண்டு பெயிண்ட் அடுக்குகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால், அது பல வருஷத்துத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும், அதற்கு மேலே இருப்பது எல்லாம் பின்னால் வந்தது.

அந்தக் கோட்டைப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல் திறக்க வேண்டும். மறைவான இடத்தில், ஒரு மிளகு அளவு போதும், மிக நுண்ணிய உப்புத்தாளின் ஒரு துண்டை நனைத்து, சுண்டுவிரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் பெயிண்ட் அடுக்கு அடுக்காக, மரத்தின் வளையம் மாதிரி தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒவ்வொரு வளையத்தையும் எண்ணலாம். இரட்டை மெழுகுவத்தித் தாங்கி ஒன்றில் நான் இப்படிப் பார்த்தபோது மேலே தங்க நிறம், அதன் கீழே வெள்ளை, அதன் கீழே அடர் பச்சை, அதற்குக் கீழே ஆரஞ்சும் மஞ்சளுமாக மெல்லிய கண்ணாடி போன்ற ஒரு படலம், அப்புறம் பித்தளை. அந்தக் கடைசிப் படலம் அரக்குப் பூச்சு, பித்தளை கறுக்காமல் இருக்கச் செய்தவர்களே பூசியது. மூன்று நிறங்களும் மூன்று வீட்டுக்காரர்களின் ரசனை என்றால், அந்த மெல்லிய படலம் மட்டும்தான் செய்தவரின் கை. அதனால் மூன்றை எடுத்து நான்காவதை விட வேண்டும் என்று முடிவு செய்தேன். எதை எடுக்கப் போகிறோம் என்பதோடு எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதையும் தொடங்கும் முன்பே முடிவு செய்வது நல்லது.

நடுவில் ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978இல்தான். பல நாடுகளில் அதற்கும் வெகு காலம் கழித்து. வெள்ளைப் பெயிண்டில் ஈய வெள்ளை, மஞ்சளில் ஈயக் குரோமேட், இரும்புக்கு அடிப்பூச்சாக ஆரஞ்சு சிவப்பில் செவ்வீயம். இரும்புப் பொருளில் பெயிண்டுக்கு அடியில் பளிச்சென்று ஆரஞ்சு நிறம் தெரிந்தால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும், பழுப்புச் சிவப்பாக இருந்தால் அது பெரும்பாலும் ரெட் ஆக்சைடு. ஈயத்தைச் சோதிக்கும் குச்சிகள் கிடைக்கின்றன, ரோடிசோனேட் என்ற பொருள் தடவியவை, ஈயம் இருந்தால் சிவந்துவிடும். எல்லா அடுக்குகளும் தெரிகிற மாதிரி சாய்வாக ஒரு வெட்டு போட்டு அதன் மேல் தேய்க்க வேண்டும், அடியில் உள்ள உலோகத்தைத் தொட்டுவிடாமல், ஏனென்றால் பித்தளையிலும் பற்றாசிலும் ஈயம் கலந்திருக்கலாம், அதுவே சிவப்பு காட்டிவிடும். ஈயம் இருக்கிறது என்றால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது, தீ வைத்து எரிக்கவும் கூடாது. தூசியும் புகையும்தான் ஆபத்து. ஈரமாகவே வேலை செய்யுங்கள், சுரண்டி வந்ததை ஈரக் காகிதத்தில் சேர்த்து மூடிய டப்பாவில் போடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

இனி எடுக்கும் வேலை. மென்மையானதில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே போக வேண்டும், ஒன்று வேலை செய்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

முதல் படி வெந்நீர். கேட்டால் நம்பமாட்டார்கள், ஆனால் பித்தளைக் கைப்பிடி, கொக்கி, கதவுக் கீல் மாதிரிச் சின்னப் பொருட்களில், அதிலும் மேலே இருப்பது நீரில் கரைத்து அடிக்கும் அக்ரிலிக் பெயிண்ட் என்றால், வேறு எதுவும் தேவைப்படாது. இனிமேல் சமையலுக்கு எடுக்கவே மாட்டோம் என்று ஒதுக்கிய ஒரு பாத்திரத்தில், தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, கொதிக்கவிடாமல் நல்ல சூட்டிலேயே சில மணி நேரம் வைத்தால் பெயிண்ட் இளகிவிடும். உலோகம் சூட்டில் விரிகிறது, பெயிண்ட் மென்மையாகி ஊறுகிறது, இரண்டுக்கும் நடுவே பிடி விட்டுப்போகிறது. சூடாக இருக்கும்போதே மரக் குச்சியால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் தோல் உரிகிற மாதிரி ஒரே விரிப்பாக வரும். ஆறவிட்டால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும், அதனால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வேலை செய்யுங்கள். உள்ளே கீல் நிரப்பியது, மரம் சேர்ந்தது, கல் பதித்தது, ஓவியம் தீட்டியது எதையும் இதில் போடாதீர்கள்.

வெந்நீருக்கு அசையவில்லை என்றால் கரைப்பான்கள். பஞ்சுக்குச்சியில் முதலில் ஸ்பிரிட், அப்புறம் அசிட்டோன், இந்த வரிசை. ஸ்பிரிட் அரக்குப் பூச்சைக் கரைக்கும், சில அக்ரிலிக் பெயிண்டுகளையும் இளக்கும். அசிட்டோன் ஸ்ப்ரே பெயிண்டுகளையும் லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சையும் சட்டென்று கரைக்கும், ஆனால் நன்றாக முற்றிப்போன பழைய ஆயில் பெயிண்டின் மேல் அதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது. டர்பன்டைன் மெழுகையும் பிசுக்கையும் எடுக்கும், காய்ந்த பெயிண்டை ஒன்றும் செய்யாது. மெழுகுவத்தித் தாங்கியில் எனக்கு இந்த வித்தியாசமே கை கொடுத்தது. மேலே இருந்த தங்க நிறம் அசிட்டோனில் போனது, அடியில் இருந்த ஆயில் பெயிண்ட் அசையவே இல்லை, அதனால் அரக்குப் படலத்தை அசிட்டோன் தொடாமல் இருந்தது.

பஞ்சை அழுத்தித் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. கரைந்த பெயிண்டை மறுபடியும் பள்ளங்களுக்குள் தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான் நடக்கும். பஞ்சுக்குச்சியை உருட்ட வேண்டும். ஒரு சுற்று உருட்டினால் கரைந்தது பஞ்சில் ஒட்டி மேலே வரும், உடனே அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது. நூறு குச்சி ஆகும், ஆகட்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது, அசிட்டோன் ஆவி சாதாரணக் குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு இருக்கும், தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கிற நெருப்பைப் பிடிக்கும்.

தங்க நிறப் பெயிண்ட் பற்றி ஒரு சின்ன விஷயம். பழைய தங்கப் பெயிண்டில் தங்கம் கிடையாது, பித்தளையைப் பொடியாக அரைத்துப் பிசினில் கலந்தது. அதனால்தான் சில வருஷத்தில் அது மங்கிப் பச்சையும் பழுப்புமாக ஆகிவிடுகிறது, உடனே இன்னொருவர் மேலே இன்னொரு கோட் அடிக்கிறார். உண்மையான தங்க முலாம் அப்படி மங்காது. எனவே பெயிண்டை எடுக்கும்போது அடியில் எங்காவது மங்காத பொன் மினுக்கு தெரிந்தால் கையை நிறுத்துங்கள். பாதரசம் கொண்டு பூசிய பழைய பொன்முலாம் மிக மெல்லியது, கரைப்பான் அதை ஒன்றும் செய்யாது, உங்கள் விரலின் அழுத்தம் செய்துவிடும்.

ஆயில் பெயிண்ட், எனாமல், இவற்றுக்குப் பசை மாதிரி இருக்கும் பெயிண்ட் ரிமூவர்தான் சரி. இதில் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். மெத்திலீன் குளோரைடு கலந்தவை பத்து நிமிஷத்தில் பெயிண்டைக் கொப்புளமாக எழுப்பிவிடும், ஆனால் அந்த ஆவி உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது, மூடிய குளியலறையில் அதை வைத்துக் குளியல் தொட்டி சுத்தம் செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கா 2019இல் பொதுமக்களுக்கு விற்கும் பெயிண்ட் ரிமூவர்களில் அதைத் தடை செய்தது, ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே கட்டுப்படுத்திவிட்டது. நான் பென்சைல் ஆல்கஹால் கலந்ததைப் பயன்படுத்துகிறேன். நேரம் எடுக்கும், சில சமயம் ஒரு இரவு முழுவதும். தடிமனாகப் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடிவிட்டால் காயாமல் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். இதிலும் சில டப்பாக்களில் வேகத்துக்காக ஃபார்மிக் அமிலம் சேர்க்கிறார்கள், பித்தளைக்கும் துத்தநாகத்துக்கும் அது ஆகாது. அமிலம் சேர்த்ததையும் காரம் சேர்த்ததையும் ஒதுக்கிவிடுங்கள்.

காஸ்டிக் சோடாவை இரும்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், என் அனுபவத்துக்குப் பிறகும் இதைச் சொல்கிறேன், வார்ப்பிரும்புக்கு அது உண்மையிலேயே நல்லது. ஆனால் கண்ணாடியும் முழங்கை வரை கையுறையும் போட்டு, எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

அமோனியா வேண்டாம். பித்தளை துடைக்க அமோனியா நல்லது என்று பல பேர் சொல்வார்கள், மேலுக்குப் பளிச்சென்று ஆகத்தான் செய்யும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகளை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, யாரும் தொடாமலேயே அவற்றில் விரிசல் விட்டது. பல காலம் காரணம் தெரியவில்லை. 1921இல்தான் தெளிவாகப் புரிந்தது: குதிரை மூத்திரத்திலிருந்து காற்றில் கலந்த அமோனியாவும், தகட்டை இழுத்து அடித்துச் செய்யும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்தே பிளந்திருக்கின்றன. தகட்டில் அடித்தும் சுழற்றியும் செய்த பழைய அலங்காரப் பொருட்களிலும் அந்த இறுக்கம் உண்டு. வினிகரும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பதும் வேண்டாம். புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துவிட்டுச் செம்பை மட்டும் விட்டுவைக்கும், பித்தளை திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பாகிவிடும், அதைத் திருப்ப வழி கிடையாது. உப்பில் உள்ள குளோரைடு வெண்கலத்தின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்தால் அப்புறம் ஈரக் காற்று படும்போதெல்லாம் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்துக்கொண்டே இருக்கும்.

வெப்பக் காற்றுத் துப்பாக்கியையும் மணல் வீச்சையும் நான் தொடுவதே இல்லை. பற்றாசு 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், துத்தநாகம் 419 டிகிரியில், துப்பாக்கியின் காற்று இரண்டையும் தாண்டிப் போகும். மணல் வீச்சு பெயிண்டோடு சேர்த்து உளி பட்ட தடத்தையும் எடுத்துவிடும், முடிந்த பிறகு பொருள் புதிதாக வார்த்த மாதிரி ஒரே சீராக இருக்கும், அதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

பெரும்பகுதி போன பிறகு பள்ளங்களில் மிச்சம் இருக்குமே, வேலையின் முக்கால்வாசி நேரம் அங்கேதான். இலை நரம்பு, முடிச்சுருள், சிங்கத்தின் பிடரி. மூங்கில் குச்சியைச் சீவிக் கூராக்கி, ஒரு குச்சியை உளி மாதிரித் தட்டையாகவும் இன்னொன்றை ஊசி மாதிரியும் செய்து வைத்துக்கொள்வேன். மூங்கில் பித்தளையைவிட மென்மை, கீறாது. நுனியைக் கரைப்பானில் நனைத்துப் பள்ளத்தில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, இழுத்தால் சுருள் சுருளாக வரும். குச்சி மழுங்கும், மறுபடியும் சீவ வேண்டும். நைலான் பல்துலக்கி நல்லது. இரும்பு நார் எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் பித்தளைக்கு வேண்டாம், கீறும், அதன் துணுக்குகள் பள்ளத்தில் தங்கித் துருப்பிடித்துச் செம்புள்ளிகள் வரும். பித்தளைக் கம்பி பிரஷை இரும்பில் போட்டால் இரும்பின் மேல் மஞ்சள் பூசிவிடும். சில இடங்களில் துளித் துளியாகப் பழைய பெயிண்ட் பிடிவாதமாக நிற்கும். அதை விட்டுவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருப்பதால் பொருளுக்கு ஒரு குறையும் இல்லை, அதைத் துரத்திப் போய் உலோகத்தைக் குடைவதில்தான் குறை.

ரிமூவர் பசையில் பெரும்பாலும் மெழுகு கலந்திருக்கும், அது காயாமல் இருப்பதற்காக. எனவே கடைசியில் டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து, அப்புறம் சோப்பு நீர், அப்புறம் நல்ல தண்ணீர், முடிந்தால் காய்ச்சி வடித்த நீர். உடனே உலர்த்த வேண்டும். இரும்பு என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சுத் துரு படரத் தொடங்கும், தலைமுடி உலர்த்தும் கருவியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பொருள் கைக்கு வெதுவெதுப்பாகும் வரை காற்றுக் காட்டி, அந்தச் சூட்டிலேயே மெழுகு பூசிவிடுங்கள். அருங்காட்சியகங்களில் பயன்படுத்துகிற மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒன்று இருக்கிறது, பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950களில் உருவானது, தேன்மெழுகில் இருப்பது போன்ற அமிலப் பிரச்சினை இதில் இல்லை, வேண்டாம் என்றால் டர்பன்டைனால் எடுத்துவிடலாம். ஆளி விதை எண்ணெய் தேய்ப்பவர்கள் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்து வெளியே காயவையுங்கள்.

பெயிண்ட் போனதும் அடியில் பித்தளை பளபளக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். தேன் நிறத்தில், சில இடங்களில் கிட்டத்தட்டக் கறுப்பாக, கை பட்ட விளிம்புகளில் மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும். அங்கேதான் பாலிஷ் டப்பாவை எடுக்கத் தோன்றும். ஒரு மாதம் பொறுங்கள், அப்படியே அலமாரியில் வையுங்கள், தினமும் பாருங்கள். அந்தக் கறுப்பு உலோகமே காற்றோடு சேர்ந்து பல பத்தாண்டுகளாகத் தனக்குப் போட்டுக்கொண்ட போர்வை, தேய்த்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடும், திரும்ப வர இன்னொரு ஆயுள் வேண்டும். என் மெழுகுவத்தித் தாங்கியில் அரக்குப் படலம் பாதிக்கு மேல் மிஞ்சியது. அது இருக்கும் இடத்தில் ஆரஞ்சு கலந்த மினுமினுப்பு, இல்லாத இடத்தில் பழுப்பு. பார்ப்பவர்கள் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று நினைப்பார்கள். எனக்கு அது போதும்.

இப்போது பறவை. காந்தம் ஒட்டவில்லை, அடியில் கீறினால் சிவந்த பழுப்பு, கனமும் வெண்கலத்துக்கு உரியது. ஸ்ப்ரே பெயிண்ட் தானே, அசிட்டோனில் ஒரு மாலை வேலை என்று உட்கார்ந்தேன். வால் நுனியில் முதல் குச்சியை உருட்டினேன், தங்க நிறம் வந்தது. இரண்டாவது குச்சி, தங்க நிறமும் கூடவே ஒரு இழை நீலமும். நீலத்தைப் பார்த்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். உருப்பெருக்கியில் பார்த்தால், வால் இறகின் ஓரத்தில் ஒரு மயிரிழை நீலக் கோடு, பக்கத்தில் வெள்ளை, அதன் மேலே மெல்லிய அழுக்கு, அதற்கும் மேலேதான் தங்கம். யாரோ ஒருவர் ஒற்றை முடித் தூரிகையால் ஒவ்வொரு இறகுக்கும் கோடு போட்டிருக்கிறார்.

தங்கத்தைக் கரைக்கும் எதுவும் நீலத்தையும் கரைத்துவிடும். எனவே கரைப்பான் கிடையாது, வெந்நீர் கிடையாது. நல்லவேளை, நடுவே இருக்கும் அந்த அழுக்குப் படலம் தங்கத்தைச் சரியாகப் பிடிக்கவிடவில்லை, அதனால் சில இடங்களில் மூங்கில் நுனியை ஓரத்தில் நுழைத்து லேசாக நெம்பினால் தங்கம் மட்டும் செதிலாகத் தெறித்து வருகிறது. வராத இடத்தில் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறேன். அடியில் மிஞ்சும் அழுக்குக்கு எச்சில் தொட்ட பஞ்சு. அருங்காட்சியகங்களிலும் இதைச் செய்கிறார்கள், எச்சிலில் உள்ள நொதிகள் பிசுக்கை மெல்லக் கரைக்கும். ஆனால் ஒரு முறை தொட்ட பஞ்சை மறுபடியும் வாய்ப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, அதில் ஒட்டியிருப்பது என்ன பெயிண்டோ. பறவையின் மேல் பட்ட இடத்தை அப்புறம் நல்ல தண்ணீரால் துடைத்துவிடுகிறேன்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நகக்கண் அளவு நகர்கிறது. அதற்கு மேல் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, எழுந்துவிடுகிறேன். வலது இறக்கையில் இதுவரை ஏழு இறகுகள் வெளியே வந்திருக்கின்றன, நீலம், வெள்ளை, கழுத்துப் பக்கம் போகப் போகக் கொஞ்சம் கருஞ்சிவப்பும் தொடங்குகிறது. இடது இறக்கையும் தலையும் இன்னும் தங்கத்துக்குள்ளேயே இருக்கின்றன, கண் என்ன நிறம் என்று எனக்கு இன்னும் தெரியாது.